காக்கா எடுத்துச்சா

காக்காய் வரவில்லை. கைப்பிடிச் சுவரின் மேல் கவிழ்த்துப் போட்ட அலுமினியத் தட்டில் ஒரு பிடி சோறும் அதன் தலையில் கொஞ்சம் பருப்பும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மரகதம் வாயைக் குவித்து இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். கா, கா. அறுபத்தொரு வயதில் தெருப் பார்க்க மாடியில் நின்று இப்படிக் கத்துவது அவளுக்கு ஒருநாளும் பழகவில்லை. எதிர் வீட்டில் யாராவது துணி உலர்த்திக்கொண்டிருந்தால் பாதியில் இருமுவது போல் முடித்துக்கொள்வாள். இன்று எதிர் வீட்டில் யாருமில்லை, வேண்டிய மட்டும் கத்தினாள், அப்படியும் வரவில்லை. உள்ளே அப்பா, சரிந்துவிடாமலிருக்கத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய அப்பா, உதட்டை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். முக்காலியில் குழைய மசித்த பருப்புச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆறினால் துப்புவார். "காக்கா எடுத்துச்சா?" என்றார். "இன்னும் இல்லப்பா." "எடுக்கட்டும்." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பெற்ற மகளின் பேர் நினைவிலிருந்து போய்விட்டது. முப்பது வருஷம் வேலை பார்த்த ரயில்வே பட்டறை போய்விட்டது. பாத்ரூம் எதற்கு என்பது போய்விட்டது. காக்காய் மட்டும் போகவில்லை. அம்மாவின் காரியம் முடிந்த நாளிலிருந்து அவள் பேரைச் சொல்லி முதல் பிடியை வெளியே வைத்து, அது எடுத்த பிறகுதான் அப்பா தில்லைவனம் சோற்றில் கை வைப்பார். எல்லோரும் அமாவாசைக்கு அமாவாசை வைப்பதை இவர் தினம் வைத்தார். ஊரே மெச்சியது, பெண்டாட்டி மேல் என்ன பிரியம் என்று. இருந்த காலத்தில் ஒருநாள் நீ தின்றாயா என்று கேட்டிருப்பாரா. ஏமாற்றிப் பார்த்தாயிற்று. எடுத்துடுச்சுப்பா என்று ஒருநாள் சொன்னாள், சத்தம் கேக்கலையே என்றார். தட்டில் மூக்கு படுகிற டொக்குச் சத்தம் கேட்க வேண்டும் அவருக்கு. கண்ணில் நிழல்தான் தெரியும், காது மட்டும் அப்படியே இருக்கிறது. மறுநாள் மரகதம் வெளியே போய்க் கரண்டி முனையால் தட்டினாள். "அது கரண்டி" என்றார். மகளைத் தெரியவில்லை, கரண்டியைத் தெரிகிறது.

கைபேசி ஜன்னல் கட்டையில் கிடந்தது. மத்தியானத்துக்குள் சொல்கிறேன் என்று அண்ணன் குஞ்சிதபாதம் ஞாயிற்றுக்கிழமை சொன்னான், இன்று செவ்வாய், வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். பதினைந்து நாள். பதினைந்தே நாள் அப்பாவைச் சென்னையில் வைத்துக்கொள்ள முடியுமா, முடியாதா. இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எத்தனை மத்தியானம் வேண்டும். போன மாதம் ஒரு தேதி கொடுத்தார்கள், அண்ணிக்குக் கழுத்து வலி என்றான், போயிற்று. அதற்கு முந்தி ஒரு தேதி, பேரனுக்குப் பரீட்சை, அதுவும் போயிற்று. பேசத்தான் நேரமில்லையே தவிரக் காலையில் குடும்பக் குழுவில் படம் அனுப்ப நேரமிருந்தது. ஏதோ பெரிய பறவை, இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது, அடியில் இன்னொன்று ஒடுங்கிக்கொண்டு. வயதான தாய் தந்தையின் இறகுகள் உதிர்ந்துபோனால் குஞ்சுகள் தம் சிறகால் அவற்றைப் போர்த்திக் காத்து, இரை தேடி வந்து வாயில் ஊட்டுமாம், பறவைக்கு உள்ள நன்றி மனிதனுக்கு உண்டா, சிந்திப்பீர். கீழே கும்பிட்ட கைகள். அண்ணி ஒரு ரோஜாப்பூ. பெங்களூர்ச் சித்தப்பா மகன் ஆஹா என்று எழுதி மேலும் இரண்டு கும்பிட்ட கைகள். யாரைச் சிந்திக்கச் சொல்கிறான். எந்தப் பறவை என்று மரகதம் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். பிறகு அழித்துவிட்டாள். எட்டாவது வரை படித்தவள் கேட்டால் தெரியாமல் கேட்கிறாள் என்று நினைப்பார்கள், கோபமாகக் கேட்கிறாள் என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் எந்தப் பறவை. இந்த வேப்பமரம் அவள் கண்ணுக்கு நேரே இருக்கிறது, இந்த வீட்டுக்கு வந்த நாளாய்ப் பார்க்கிறாள். அது கூடு கட்டும், முட்டையிடும், குஞ்சு வாயைத் திறக்கும், ஆணும் பெண்ணுமாக மாறி மாறி ஓடும், றெக்கை முளைத்ததும் குஞ்சு ஒருநாள் போய்விடும். போனது வந்து இதுதான் என் அம்மா, இதுதான் என் அப்பா என்று வாயில் ஊட்டி அவள் பார்த்ததில்லை. கிழட்டுக் காக்காயையே பார்த்ததில்லை. எங்கே போகின்றன அதுகள். கரண்டுக் கம்பியில் அடிபட்டுத் தொங்குவதைப் பார்த்திருக்கிறாள், நரைத்து நடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் யார். பறவை பெற்றவர்களைப் பார்க்காது அண்ணே. நீ பறவைதான், அதனால்தான் பார்க்கவில்லை. நான்தான் என்னவென்று தெரியவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றால் கீழே ஏதோ நழுவி வந்து தொடையிடுக்கில் உட்காருகிற மாதிரி இருக்கும். முதலில் கனமாக இருந்தது, பிறகு எரிச்சல், இப்போது கை வைத்தாலே தட்டுப்படுகிறது. யாரிடம் சொல்வது. கடைசியில் டாக்டரம்மாவிடம் போய்ப் படுத்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கர்ப்பப்பை நல்லா இறங்கிடுச்சும்மா, இவ்வளவு நாள் எப்படி விட்டீங்க? கனமா ஏதாவது தூக்குறீங்களா?" "அப்பாவைத்தான்." "வேற யாரும் இல்லையா வீட்டுல?" "இருக்காங்க" என்றாள் மரகதம். அது ஏன் அப்படி வந்தது வாயில். யார் மானத்தைக் காப்பாற்ற. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து பாத்ரூம், அங்கிருந்து மறுபடி கட்டில். எலும்பும் தோலுமாக இருந்தாலும் ஆள் உயரம், கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னால் கட்டிக்கொண்டு முழுப் பாரத்தையும் விட்டுவிடுவார். பிள்ளை பெறாத வயிறு. பிள்ளை பெற்று இறங்கினால் ஊரில் ஒரு மரியாதை உண்டு, அப்பனைத் தூக்கி இறங்கியது என்று யாரிடம் சொல்வாள். அண்ணனிடம் சொன்னது, சின்ன ஆபரேஷன் என்று. என்ன ஆபரேஷன் என்றான். பொம்பளைங்களுக்கு வர்றதுதான் என்றாள். அவன் உடனே தொண்டையைச் செருமினான், அப்ப அவசரம் ஒண்ணும் இல்லல்ல என்றான். இல்லை என்று இவள் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, அவனாக இல்லை என்று எடுத்துக்கொண்டான். எப்போதும் அவனாக எடுத்துக்கொள்வான். அவள் புருஷன் செத்த வருஷம் அப்படித்தான், ஒத்தை ஆளா எதுக்கு அங்க கிடக்கிற, அப்பாவும் தனியா இருக்காரு, உனக்கும் துணை, அவருக்கும் துணை என்றான். துணை. அந்தச் சொல்லை இன்னொரு தடவை எவனாவது சொல்லட்டும். வாசலில் பெட்டியோடு நின்றவளைப் பார்த்து, அப்போது நினைவு நன்றாக இருந்த அப்பா, வா என்று சொல்லவில்லை. வத்தக்குழம்பு வைக்கத் தெரியுமா, உங்க அம்மா வைக்கிற மாதிரி, என்றார். அன்றைக்கு வைத்த குழம்பு, இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"காக்கா எடுத்துச்சா?" "இல்லப்பா." ஏன் வரவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கீழே ஒரே கூச்சல். வேப்பமரத்தின் அத்தனை காக்காயும் தெருவில் இறங்கிச் சுற்றுகின்றன, கம்பியில் வரிசை, மதிலில் வரிசை, நடுவில் கீழ் வீட்டு ஸ்டெல்லா தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வாசலைக் கடக்கப் பார்க்கிறாள். தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தவள், கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. "குஞ்சு விழுந்திருச்சுக்கா! கேட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு! நான் என்னமோ களவாண்ட மாதிரி மண்டையில கொத்துதுங்க!" என்று வாளிக்குள்ளிருந்து கத்தினாள். "நீ உள்ள போ ஸ்டெல்லா, நீ நின்னா அதுங்க அடங்காது." "கடைக்குப் போவணும், ஊக்கு தீந்துபோச்சு. அண்ணன் பேசிட்டாரா?" "இல்ல." "பேச மாட்டாரு. நான் சொல்றதைக் கேளு. குயிலு என்ன பண்ணுது? காக்கா கூட்டுல வச்சிட்டுப் பேசாமப் போயிடுது. எங்க கொழுந்தன் வண்டியில பெரியவரை ஏத்தி அவர் வாசல்ல வச்சிட்டு மணியடிச்சிட்டு ஓடி வந்துருவோம். வளக்கட்டும்." "போடீ" என்றாள் மரகதம், சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததில் அடிவயிறு இழுத்தது. வாளி உள்ளே போயிற்று. குஞ்சு தெரிந்தது. குஞ்சு என்று சொல்ல முடியாது, தாய் அளவு இருந்தது, இறகெல்லாம் முளைத்து, பறக்க மட்டும் தெரியாமல் இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. ஒன்று இறங்கி அதன் பக்கத்தில் நின்றது. இரண்டும் ஒரே உயரம், ஒரே கறுப்பு, ஒரே சாம்பல் கழுத்து. எது பெற்றது, எது பிறந்தது. ஒன்று வாயைத் திறந்தது, உள்ளே செக்கச் சிவப்பு. மற்றது திறந்து உள்ளே எதையோ திணித்தது, அதன் வாய் உள்ளேயும் கறுப்பு. சிவப்பு வாய் வாங்கும், கறுத்த வாய் கொடுக்கும், அவ்வளவுதான் கணக்கு, இதில் நன்றி எங்கே வந்தது. தனக்கு எப்போது கறுத்தது என்று அவள் யோசித்தாள். கடைசியாக யார் அவள் வாயில் ஊட்டியது. கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுத்தார்களே, அதுவா. சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள்கூட, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டார்கள், பாதிப் பேர் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்கள். அவள் எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு தின்பாள். முதலில் அம்மா, அதாவது காக்காய், பிறகு அப்பா, பிறகு அவள். செத்தவள் முதல் பந்தி. உயிரோடிருப்பவள் கடைசி.

மணி அடித்தது. அண்ணன். எடுக்கும்போதே அவனுடைய செருமல் கேட்டது. "மரகதம், சாப்பிட்டாரா அப்பா?" "இன்னும் இல்ல." "பாத்தியா, நான் சொல்ல வந்ததே அதுதான். நான் மாட்டேன்னு சொல்லலம்மா. என் அப்பா, எனக்கு இல்லாத அக்கறையா? ஆனா இங்க பன்னெண்டாவது மாடி. புறாத் தொல்லைன்னு பால்கனி பூரா வலை அடிச்சிருக்கு, அசோசியேஷன் ரூல். காக்கா எங்கேருந்து வரும்? காக்கா எடுக்காம அவர் வாயைத் திறக்க மாட்டாரு. போன தடவை மூணு நாள் என்ன பாடு படுத்தினாருன்னு உனக்கே தெரியும்." தெரியும். மூன்றாம் நாள் காரில் கொண்டுவந்து நாற்காலியில் வைத்துவிட்டு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போனான். மாடிப்படியில் அவளை விட வேகமாக இறங்கினான், அறுபத்தாறு வயதில். "பெத்த தகப்பனைப் பட்டினி போட்டேன்னு பேர் எனக்கு வேண்டாம். நீ ஒண்ணு பண்ணு, ஆடி பொறக்கப் போவுது, ஆடி கழிச்சு வச்சுக்கயேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணலாம்." மரகதம் சுவரில் காயும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, அது எந்தப் பறவை?" "எது?" "காலையில அனுப்பினியே. அப்பா அம்மாவுக்கு ஊட்டுற பறவை. அது எந்தப் பறவை?" "ஏதோ பறவை. எனக்கு வந்துச்சு, அனுப்பினேன். நல்ல கருத்துதானே? இப்ப எதுக்கு அது?" "ஒண்ணுமில்ல" என்றாள். "சரி, அப்பாவைப் பாத்துக்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காத." வைத்துவிட்டான். மனசில் வைக்க அவளுக்கு இடம் ஏது, எல்லாம்தான் கீழே இறங்கிவிட்டதே. காக்காயாம். பெற்ற பிள்ளையைப் போக விடாமல் காக்காய் மறிக்கிறதாம். வலை அடித்தது யார். வலைக்குள்ளே உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் பறவை அனுப்புகிறான். அவனைக்கூட விடு, உள்ளே உட்கார்ந்திருக்கிறாரே, அவரை என்ன செய்ய. தினம் தினம் செத்தவளுக்கு ஊட்டுகிற மகராசர். அதற்காக ஒருத்தி வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்துவாள், அவளுக்கு அடிவயிறு கழன்று விழுந்தாலும் கத்துவாள், அது வரும், எடுக்கும், டொக், பிறகு ஐயா வாயைத் திறப்பார். இன்றைக்கு அதற்குத் தன் குஞ்சு விழுந்துகிடக்கிறது. அதற்குத் தன் குஞ்சுதான் பெரிது. உங்கள் சோறு அதற்கு எதற்கு.

"காக்கா எடுத்துச்சா?" என்றார் உள்ளேயிருந்து, கொஞ்சம் அழுத்தமாக, பட்டறையில் கையாளைக் கேட்கிற குரலில். தட்டின் மேலிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துக் கையில் எடுத்தாள். வெயிலில் மேலே காய்ந்து உள்ளே சூடாக இருந்தது. காக்காய்க்கு வைத்ததை மனுஷர் தொடுவதில்லை. எச்சில் என்றுகூட இல்லை, அதைவிட மோசம், செத்தவர் பங்கு. நாய் தின்றால்கூடச் சரி என்று விடுவார்கள், வைத்தவளே எடுத்துத் தின்றாள் என்று யார் வீட்டிலும் கேள்விப்பட்டதில்லை. உள்ளே வந்தாள். அப்பாவுக்கு நேர் எதிரே முக்காலியைக் கிண்ணத்தோடு நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததே சிரமம். அம்மா, உன் பங்குதான், கோவிச்சுக்கோ, இல்ல கோவிச்சுக்காத, எனக்கென்ன, என்று முழுப் பிடியையும் வாயில் போட்டாள். உப்பு சரியாக இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேண்டுமென்றே வாயைத் திறந்து சப்புக்கொட்டி மென்றாள், கேட்கட்டும், காது இருக்கிறதல்லவா, கேட்கட்டும். அவர் தலையைச் சாய்த்தார். "யாரு திங்கிறா?" "காக்கா" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. அது கரண்டி என்று சொன்ன மாதிரி இப்போது என்ன சொல்லப் போகிறார் என்று வெறுப்போடு பார்த்தாள். அவர் கையை நீட்டினார். காற்றில் தேடி, அவள் நெற்றியில் பட்டு, மூக்கில் இறங்கி, கன்னத்தில் வந்து நின்றது. விரல்கள் தாடை எலும்பின் மேல் அமர்ந்தன. மெல்லுவதை நிறுத்தலாமா என்று நினைத்தாள், நிறுத்தவில்லை. தாடை ஏறி இறங்குவதை அந்தக் கை பார்த்தது, அவசரப்படாமல், ஒரு மிஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி. விழுங்கினாள். கை தொண்டைக்கு இறங்கி, அது உள்ளே போகிற வரைக்கும் இருந்தது. "எடுத்துருச்சு" என்றார் அப்பா. வாயைத் திறந்தார். பல் ஒன்றில்லை, உள்ளே செக்கச் சிவப்பாக இருந்தது.

ஊட்டினாள். ஒரு வாய் அடங்குமுன் அடுத்த வாய்க்குத் திறந்தார், துப்பவில்லை, ஆறிய சோறுதான். கிண்ணம் பாதி காலியான பிறகுதான் அவளுக்கு உண்மையான ஆத்திரம் வந்தது, அண்ணன் மேல் வந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. இதற்கா. எதிரில் உட்கார்ந்து யாராவது ஒரு வாய் தின்றால் போதும், இவ்வளவுதானா. இதற்கா இத்தனை வருஷம் மொட்டை வெயிலில் நின்று பறவையைக் கெஞ்சினாள், பசியைக் கட்டிக்கொண்டு. அவர் முன்னால் அவள் ஒருநாளும் தின்றதில்லை, அதனால்தானே தெரியவில்லை. தின்னலாம் என்று யாரும் சொல்லவில்லை. தின்னக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள், அவள்கூட அவளாக எடுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை காலியில்லை, ஒரு கையில் கிண்ணம், மறு கையில் சோறு. தெருவில் கேட் சத்தம் கேட்டது. "ஸ்டெல்லா!" என்று கத்தினாள், இருமாமல், முழுக் குரலில். "என்னக்கா?" "உன் கொழுந்தன் வண்டி நாளைக்குக் கிடைக்குமா? சென்னைக்கு. அப்பாவைப் படுக்க வச்சுக் கொண்டு போவணும்." "நெசமாவா சொல்ற? மணியடிச்சிட்டு ஓடி வந்துரலாமா?" "ஓட வேண்டாம். அவன் வந்து திறக்கட்டும், நின்னு சொல்லிட்டே வருவோம்." "ஏ ஆத்தாடி" என்றாள் ஸ்டெல்லா. உடனே யாருக்கோ போன் போடுகிற குரல் கேட்டது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். எழுதினால் அழித்துவிடுவாள். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச ஸ்டெல்லா கற்றுக்கொடுத்திருந்தாள். அண்ணனுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். குடும்பக் குழுவிலேயே, அந்தப் பறவைக்குக் கீழேயே அமுக்கிப் பிடித்தாள். "அண்ணே, மரகதம் பேசுறேன். எனக்கு கர்ப்பப்பை இறங்கிப்போச்சு. அப்பாவைத் தூக்கித் தூக்கி இறங்கிச்சு. வியாழக்கிழமை ஆபரேஷன். நாளைக்குச் சாயங்காலம் அப்பாவைக் கொண்டாந்து விடுறேன். காக்கா தேவையில்ல. வலை இருந்துட்டுப் போவுது. அவர் சாப்பிடுறதுக்கு முன்னாடி நீ அவர் எதிர்ல உக்காந்து ஒரு வாய் தின்னு. அவ்வளவுதான். கன்னத்துல கை வைப்பாரு. தட்டி விடாத. வச்சுப் பாக்கட்டும்." விரலை எடுத்தாள். போய்விட்டது. இனி அழிக்க அவளுக்குத் தெரியாது. பெங்களூர்க்காரனெல்லாம் கேட்பானே, கர்ப்பப்பை என்று சொல்லிவிட்டாளே. கேட்கட்டும். மிச்சச் சோற்றை வழித்து அப்பாவின் வாயருகே கொண்டு போனாள். அவர் திறக்கவில்லை. தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். வெளியே கூச்சல் அடங்கியிருந்தது. டொக். காலித் தட்டின் மேல், டொக், டொக்.

"இன்னொண்ணு வந்திருக்கு" என்றார் அப்பா.

மரகதம் எழுந்து போகவில்லை. "அது பாத்துக்கும், நீங்க வாயைத் திறங்க" என்றாள்.